தூண்களை விட்டுவிட்டீர்களே!

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலுள்ள புனித ஐசக் பேராலயம் பற்றிய உங்கள் கட்டுரை அதன் தங்கக் குவிமாடத்தைப் புகழ்வதோடு நின்றுவிட்டதில் எனக்கு வருத்தம்தான். அங்கே பெரிய வியப்பே முகப்புத் தூண்கள். பின்லாந்து வளைகுடாக் கரையில் வெட்டியெடுத்த ஒற்றைக் கிரானைட் கற்கள், ஒவ்வொன்றும் 100 டன்னுக்கு மேல்! கட்டடக் கலைஞர் மோன்ஃபெரான் சுவர் எழுப்புவதற்கு முன்பே தூண்களை நிறுத்திவிட்டார். 1828இல் முதல் தூண் நிமிர்ந்தது. நீராவி இயந்திரம் எதுவும் இல்லை. மரச் சாரம், கயிறு, அந்தக் கயிற்றை இழுக்கும் உருளையைச் சுற்றி நின்று தள்ளிய ஆட்கள், அவ்வளவுதான். ஒரு தூணுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லையாம்.

அப்புறம் அந்தத் தங்கம். பாதரசத்தில் கரைத்துப் பூசி, சூடேற்றிப் பாதரசத்தை ஆவியாக்கினார்கள். அந்தப் புகையைச் சுவாசித்துத் தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். குவிமாடத்தை இவ்வளவு புகழும்போது அவர்களுக்கும் ஒரு பத்தி கொடுத்திருக்க வேண்டும்.