மீன்கொத்தி வரைந்த காசில் ஒரு தொட்டி வைத்திருக்கலாம்

ஏரிக்கரைப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மானியப் பணத்தில் சுத்தம் செய்து, சுவரில் மீன்கொத்தி வரைந்து, ரிப்பன் வெட்டிய அதே இடம்தான். இப்போது மீன்கொத்தியின் அலகு வரைக்கும் ரப்பிஷ். உடைத்த டைல்ஸ், காரைக் கட்டி, பாதி கம்மோட். கீழே வரிசையாக ஒரே கமெண்ட்: "இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாது."

சரி, அந்த ஜனங்கள் கொட்ட இடம் எங்கே? அதைச் சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.

ஒரு பாத்ரூமை இடித்தால் ஒன்றிரண்டு குட்டியானை (டாடா ஏஸ் மினி லாரி) லோடு வரும். ஒரு லோடு முக்கால் டன். மேஸ்திரி பேசிய மொத்தக் கூலிக்குள் அதை அள்ளிக் கொட்டுவதும் அடக்கம். இதை அரைத்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகள் சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இருக்கின்றன. ஆனால் வண்டிக்காரருக்கு நடைக்குத்தான் காசு. அவ்வளவு தூரம் டீசல் போட்டுப் போய்வந்தால் கையில் என்ன நிற்கும்? விளக்கில்லாத ஏரிக்கரை பக்கத்திலேயே இருக்கிறது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். கட்டட இடிபாட்டுக் கழிவுக்கான 2016 விதிகள் நாளுக்கு 20 டன், அல்லது ஒரு வேலையில் மாதம் 300 டன் வருகிறவரிடம்தான் அகற்றும் திட்டம் கேட்டன. 2025 விதிகளில் கட்டுபவரின் விரிவான பொறுப்பு, அதாவது கழிவை மறுசுழற்சி செய்ய வைக்கும் கடமை, 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பில்தான் தொடங்குகிறது. முக்கால் டன் இந்த இரண்டிலும் சிக்காது. தொட்டி வைத்து அள்ளும் வேலையை உள்ளாட்சிக்குக் கொடுத்ததும் அதே 2016 விதிகள்தான். அதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

கேமரா வைக்கச் சொல்பவர்களுக்கு: இருபது அடிக் கம்பத்தில் மாட்டினால் வண்டியின் கூரைதான் தெரியும். நம்பர் பிளேட்டில் சேறு, எதிரே ஹெட்லைட் வெளிச்சம். பதிவைப் பார்க்க ஆள் போடாவிட்டால் சில வாரத்தில் அதன் மேலேயே அடுத்த பதிவு ஏறிவிடும். அதைவிட வண்டி நுழையும் வழியையே அடைக்கலாம். குட்டியானையின் அகலம் ஒன்றரை மீட்டர். 1.2 மீட்டர் இடைவெளியில் கல்தூண் நட்டால் பைக் போகும், வண்டி போகாது. குப்பை எடுக்கும் வண்டிக்காக ஒரு தூணைப் பூட்டுப் போட்டுக் கழற்றுகிற மாதிரி வைக்க வேண்டும். அதுவும் பாதி வேலைதான். வார்டுக்குள் தொட்டி இல்லையென்றால் வண்டி அடுத்த தெருவுக்குப் போகும். சாயங்காலம் ஆறு முதல் பத்து வரை திறந்து, லோடுக்கு ஒரு டோக்கன் கொடுத்து, தொட்டி நிரம்புவதற்குள் லாரி வந்து எடுக்க வேண்டும். ஒரே ஒருநாள் லாரி வராவிட்டாலும் தொட்டியைச் சுற்றிக் கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் நிறுத்தவே முடியாது.

பணம் இல்லையா? தூய்மை இந்தியா 2.0-வில் பத்து லட்சம் மக்களைத் தாண்டிய நகரங்களுக்கு மத்தியப் பங்கு 25 சதவீதம். ஆனால் அது கட்டவும் வாங்கவும்தான். தினமும் அள்ளுகிற செலவு மாநகராட்சியின் தலையில். சுவர் ஓவியம் ஒரே தடவை முடிகிற செலவு. முன்-பின் படம் எடுத்து, மானியத்தைச் செலவழித்துவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழோடு அனுப்பிவிடலாம். லாரி டீசலை எந்தப் படத்தில் காட்டுவது?

"நல்லது செய்தவர்களைக் குறை சொல்லாதே" என்று கோபப்படாதீர்கள். அந்த உழைப்பு வீணானதுதான் எனக்கு வலிக்கிறது. அந்தப் பாதி கம்மோடை நாளைக் காலை ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா கையால் தூக்கப் போகிறார். உடைந்த பீங்கானின் விளிம்பு ரப்பர் கையுறையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். மானியக் கணக்கில் அந்த அம்மாவின் கைக்கு ஒரு வரியாவது இருக்கிறதா?