எர்த் வயரும் மைலேஜும்

அண்ணாச்சி, பேட்டரி நெகட்டிவ்ல இருந்து இன்ஜினுக்கும் பாடிக்கும் கூடுதலா எர்த் வயர் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வர்ற வயர்) இழுத்தா மைலேஜ் ஏறும்னு சொல்லியிருக்கீங்க. கம்பெனி போட்ட எர்த் நல்லா இருக்கிற வண்டியில மைலேஜ் ஏற வழியில்ல. எவ்வளவு பெட்ரோல் தெளிக்கணும்னு இசியூ, அதான் இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர், சென்சாரைப் பார்த்துல்லா முடிவு பண்ணுது.

உங்க வண்டியில எர்த் நல்லா இருக்கான்னு நீங்களே அளந்து பாத்துரலாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வைங்க. ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்ல (வயர் மாட்டுற கிளாம்ப்ல இல்ல, ஈயக் குமிழ் மேலயே), இன்னொரு முனை இன்ஜின் பிளாக்ல பெயிண்ட் இல்லாத போல்ட்ல. வண்டி நியூட்ரல்ல இருக்கட்டும். ஒருத்தரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஸ்டார்ட்டர் சுத்துற நேரம் மீட்டரைப் பாருங்க. 0.2 வோல்ட் பக்கம்னா எர்த் சுத்தம். 0.5ஐத் தாண்டினா எங்கேயோ பிடிப்பு விட்டிருக்கு.

திருச்செந்தூர் உப்புக்காத்துல ரொம்ப நாள் நின்ன என் வண்டி 0.9 காட்டுச்சு. இன்ஜின்ல எர்த் வயர் மாட்டுற இடத்துல பச்சையா பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு போல்டை முறுக்கினேன், 0.15க்கு வந்துட்டு. புது வயர் ஒண்ணும் போடல. இப்போ செல்ஃப் சட்டுனு பிடிக்கு. மைலேஜ் பழைய மாதிரிதான்.