கேட்கிறவர் கரையில் இருக்கிறார், ஐயா!

கடலோர மக்களுக்கான பேச்சு, ஐந்து மணிக்கு இணையத்தில் நேரலை என்று அறிவிக்கிறார்கள். ஐந்தே காலுக்குத்தான் குத்துவிளக்கே ஏற்றுகிறார்கள். பிறகு பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை. விஷயம் தெரிந்தவர் வாய் திறக்கும்போது மணி ஐந்தே முக்கால். பாம்பனிலும் ஏர்வாடியிலும் தொண்டியிலும் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் சொந்தக் காசில் டேட்டா போட்டவர்கள். நொடிக்கு 1 மெகாபிட் ஓடினாலே அரை மணியில் 225 எம்பி காலி. பொன்னாடை பார்க்கவா அது? மரியாதையெல்லாம் நேரலைக்கு முன்பே முடியட்டும். இன்றைக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது முதல் நிமிடத்திலேயே வர வேண்டும்.

ஸ்லைடுகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கடற்பாசி வளர்ப்பு பற்றிய பேச்சு என்றால் மிதவை அளவு, விதைப்பாசி எடை, கயிறு, மானியம், அறுவடை எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் 14 புள்ளி (பாயின்ட்) எழுத்தில் அடைத்துவிடுகிறார்கள். ஆறு அங்குலத் திரையில், கடற்கரை வெயிலில் அதை யார் படிப்பது? மூங்கில் மிதவை படம் ஒன்று, பக்கத்தில் ‘12 அடிக்கு 12 அடி’. அடுத்த ஸ்லைடில் ‘45 நாளில் அறுவடை’. போதும்! எழுத்து 32 புள்ளிக்குக் குறையவே கூடாது. தமிழில் கொம்பும் சுழியும் மேலேயும் கீழேயும் நீளும். வரிகளை நெருக்கினால், சிக்னல் தளரும்போது மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் காணாமல் போகும். திரையின் அடிப்பகுதியைக் காலியாக விடுங்கள், பொத்தான்கள் வந்து மறைக்கிற இடம் அது. பறந்து வரும் எழுத்து, புரளும் பக்கம் எதுவும் வேண்டாம். பின்னணியில் அலையடிக்கும் வீடியோ வைப்பது அதைவிட மோசம். நொடிக்கு நொடி திரை முழுக்க மாறுகிற தண்ணீரைச் சுருக்கி அனுப்புவது கடினம். இருக்கிற வேகத்தை அதுவே தின்றுவிட, உங்கள் எழுத்தும் முகமும் கட்டம் கட்டமாக உடைகின்றன.

இன்னமும் பாமினியில் தட்டிக்கொண்டு வருகிறவர்களை என்ன செய்வது? அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோடில் தட்டுங்கள், பிடிஎஃப் பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும். லேசர் விளக்கைச் சுவரில் அடித்து ‘இதோ இந்த இடம்’ என்று காட்டாதீர்கள். வீட்டில் பார்ப்பவருக்கு அந்தச் சிவப்புப் புள்ளி தெரியவே தெரியாது. ‘மண்டபம் ஊருக்குத் தெற்கே’ என்று வாயால் சொல்லுங்கள். ஆழத்தை மீட்டரோடு, மீனவர்கள் அளக்கிற பாகத்திலும் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விட ஒலி. பாதிப் பேர் திரையைப் பார்ப்பதே இல்லை. வலையில் நண்டு கழற்றிக்கொண்டே காதால் கேட்கிறார்கள். படம் உடைந்தால் பொறுப்பார்கள், குரல் உடைந்தால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படியிருக்க மடிக்கணினியின் மைக்கை நம்பிப் பேசுகிறீர்களே! அதில் மின்விசிறி இரைச்சலும் ஜெனரேட்டரும்தான் கேட்கும். காலர் மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது கடற்கரையில் நின்று பேசுவதென்றால் மைக்குக்கு ரோம உறை கட்டாயம். வெறும் பஞ்சு உறை அந்தக் காற்றுக்குத் தாங்காது. ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று’ என்ற எச்சரிக்கையில் எண் மட்டும் அறுந்துபோனால் அந்தப் பேச்சால் யாருக்கு என்ன பயன்? எண்ணை இரண்டு தடவை சொல்லுங்கள், திரையிலும் பெரிதாகப் போடுங்கள்.

கரண்ட் போனால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும். மோடம்? அதை இன்வெர்ட்டரில் மாட்ட ஒருவருக்கும் தோன்றுவதில்லை. டவுன்லோடு வேகத்தைப் பார்த்துப் பூரித்துப் போகிறார்கள், தேவைப்படுவதோ அப்லோடு. 720பி தரத்துக்கு நொடிக்கு 3, 4 மெகாபிட் விடாமல் போக வேண்டும். சோதனையில் அதுபோல் இரண்டு மடங்கு காட்டாவிட்டால் கௌரவம் பார்க்காமல் 480பி-க்கு இறங்குங்கள். வேறு கம்பெனி சிம் ஒன்று தயாராக இருக்கட்டும். முந்தின நாள் அதே மாலை நேரத்தில், அதே கணினியில், பத்து நிமிடம் மறைவாக ஒரு நேரலை விட்டு, அதை மொபைல் டேட்டாவில் சாதாரண போனில் பாருங்கள். அரங்கத்து வைஃபையில் பார்ப்பது சோதனையே அல்ல.

கடைசியில் ‘கேள்வி இருக்கா? இல்லையா? நன்றி வணக்கம்’ என்று ஐந்து நொடியில் கடையைக் கட்டுகிறார்களே, அதுதான் பெரிய அநியாயம். நேரலை பத்திருபது நொடி பிந்தித்தான் போய்ச் சேர்கிறது, சிக்னல் மோசமானால் அரை நிமிடம்கூட ஆகும். நீங்கள் கேட்டது காதில் விழுந்து, அவர் தமிழில் தட்டி அனுப்புவதற்குள் நீங்கள் எழுந்து போய்விடுகிறீர்கள். முக்கியமான ஸ்லைடைத் திரையில் நிறுத்தி, அதன் சாரத்தைத் திரும்பச் சொல்லியபடி இரண்டு நிமிடம் காத்திருங்கள். வரும் கேள்வியைச் சத்தமாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். நேரம் போதாமல் நின்ற கேள்விகளுக்கு மறுநாள் எழுத்திலாவது பதில் போடுங்கள்.