பன்னிரண்டு வயதுக்கு மேல் வாசிக்க வராதா? அது பொய்

"பன்னிரண்டு வயதுக்குள் வாசிக்க வராத பிள்ளைக்கு இனி வரவே வராது, மூளை அந்த வயதைத் தாண்டிவிடும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பி எத்தனை பெற்றோர் முயற்சியைக் கைவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

பேச்சொலிகளைப் பிடிக்கக் குழந்தைப் பருவம் ஏற்றது என்பது உண்மை. அதை அப்படியே வாசிப்பின் மேல் ஏற்றிவிட்டார்கள். மூளை ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் தெஹேன் குழுவினர் 2010இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களான பிறகு எழுத்தறிவு பெற்றவர்களின் மூளையிலும் எழுத்தை அடையாளம் காணும் பகுதி செயல்படுவது தெரிந்தது. அவர்கள் சிறுவயதில் கல்வி வாய்ப்பு கிடைக்காதவர்கள். டிஸ்லெக்சியா (எழுத்துகளை இனங்கண்டு வாசிப்பதில் உள்ள குறைபாடு) போன்ற சிரமம் உள்ள மாணவருக்கு இன்னும் கூடுதல் காலமும் பயிற்சியும் வேண்டும்தான். ஆனால் வயதைக் காட்டி மறுக்க இடமில்லை.

ஒன்பதாம் வகுப்பு மாணவர் தடுமாறினால், எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள். 'கெ'வா 'கே'யா என்று கொம்பில் குழம்புகிறாரா? எழுத்து தெரிந்தும் கூட்டிப் படிக்கத் திணறுகிறாரா? சரளமாகப் படித்தும் பொருள் பிடிபடவில்லையா? ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வேறு. தினமும் சிறிது நேரம், தெரிந்ததிலிருந்து படிப்படியாக. அந்த வயதில் மழலையர் படப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கூசிப்போவார்கள். விளையாட்டுச் செய்தி, விண்ணப்பப் படிவம் போன்றவற்றை எளிய சொற்களில் கொடுங்கள். வகுப்பு நடுவே எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லவே வேண்டாம்.

பாடங்களை ஒலிவடிவில் கேட்கவும் வழி செய்யுங்கள், வாசிப்புப் பயிற்சியை நிறுத்தாமல்.