சவலோடு வந்த ஆமி

ரொறன்ரோவில் ஸ்னோ கொஞ்சம் கூடக் கொட்டினால் போதும், அந்தப் பழைய பகிடி திரும்ப வந்துவிடும். "ஆமியைக் கூப்பிடுங்கோ!" 1999 ஜனவரியில் ஸ்னோ அள்ள இராணுவத்தை அழைத்த மேயர் மெல் லாஸ்ட்மனைச் சொல்லிச் சிரிப்பதில் மொன்றியல்காரருக்கும் வினிப்பெக்காரருக்கும் இன்றுவரை அலுப்பே இல்லை. இப்போது எங்கட ஆட்களும் அதைப் பகிரத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வழியாக வந்து இரண்டு வருடம். ஸ்காபரோவில் ஒன்பதாவது மாடி. ஜனவரி 2, சனிக்கிழமை. பல்கனியால் எட்டிப் பார்த்தால் கார் தரிப்பிடத்தில் ஒரு காரையும் காணோம், வெள்ளைக் குவியல்கள்தான். எங்களுடைய பழைய காரை அன்டெனாவை வைத்துத்தான் அப்பா கண்டுபிடித்தார். அன்றைக்குக் கொட்டியது கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர். அதோடு முடிந்திருந்தால் யாரும் இதை ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். அள்ளி முடிப்பதற்குள் அடுத்தது, அதற்குள் அடுத்தது என்று இரண்டு கிழமைக்குள் 118 சென்டிமீட்டர். ஒரு வருடத்துக்குக் கொட்ட வேண்டியது. அள்ளியதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? நடைபாதையின் இரண்டு பக்கமும் என்னைவிட உயரம். எனக்கு அது பங்கருக்குள் நடப்பது போலத்தான் இருந்தது.

அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. போகாவிட்டால் சம்பளம் இல்லை. ஸ்காபரோ ஆர்டி ரயில் உறைந்து நின்றுவிட்டது, பஸ்ஸும் ஒழுங்காக வரவில்லை. காலுறைக்கு மேல் பாண் வந்த பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அதற்கு மேல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடந்தே வெளிக்கிட்டார். பாதி வழியில் முடியாமல் திரும்பி வந்தபோது நடுச்சாமம். மீசையில் பிடித்திருந்த ஐஸை அம்மா விரலால் உடைத்து எடுத்தா. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் சோறும் பருப்பும் ஒரே கட்டி. கரண்டியால் தட்டினால் 'டொக்' என்றது.

லாஸ்ட்மன் ஆமியைக் கூப்பிட்டது ஜனவரி 13. எங்களுக்குப் பொங்கல் கிழமை. டிவியில் செய்தி பார்த்த அம்மா, குசினிப் பக்கம் திரும்பி, "ஆமி வருகுதாம்" என்றா. அவ்வளவுதான் சொன்னா.

அம்மம்மா எழும்பிப் போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினா. "லைற்றை நூருங்கோ." பிறகு அலுமாரிக்குக் கீழே இருந்து அந்தப் பையை இழுத்தா. காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், தாத்தாவின் ஒரு படம். 1995 ஒக்டோபர் கடைசியில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டிய அதே பை. அதைக் கொண்டுவந்து கதவடியில் வைத்தா. யாரும் சிரிக்கவில்லை. நானும் என் பள்ளிக்கூடப் பையை அதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

பெட்டவாவா முகாமிலிருந்து சுமார் 400 பேர் வந்திருந்தார்கள். டிவியில் காட்டினார்கள். பச்சைக் கவச வாகனத்திலிருந்து இறங்கிய பெடியங்கள், தீயணைப்புக் குழாய்களைச் சுற்றி, குனிந்து குனிந்து ஸ்னோ அள்ளினார்கள். அம்மம்மா கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

"இவங்களிட்டத் துவக்கு இல்லையோ?"

"சவல்தான் அம்மா."

சரி, பகிடிக்கு வருவோம். 2020 ஜனவரியில் நியூஃபவுண்ட்லாந்தின் சென்ட் ஜோன்ஸ் நகரில் ஒரே நாளில் 76 சென்டிமீட்டர் கொட்டியபோதும் ஆமிதான் வந்து அள்ளியது. அவர்களை யாரும் நக்கலடிக்கவில்லை. ரொறன்ரோ என்றால் மட்டும் மற்ற ஊர்க்காரருக்கு ஒரு தனிச் சந்தோஷம். 1998இல்தான் ஸ்காபரோவையும் மற்ற நகரங்களையும் ரொறன்ரோவோடு ஒன்றாக இணைத்திருந்தார்கள். புது நகரத்துக்கு அதுதான் முதல் பெரிய சோதனை. பிரின்ஸ் எட்வேர்ட் தீவிலிருந்துகூட ஸ்னோ அள்ளும் இயந்திரங்களும் ஆட்களும் வந்தார்கள். முதியவர்கள் வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல், அம்புலன்ஸ் தெருவுக்குள் நுழைய முடியாமல் இருந்த ஊரில், உதவி கேட்டதில் என்ன வெட்கம்? லாஸ்ட்மனைத் திட்ட வேறு காரணம் எத்தனையோ உண்டு. 2001இல் ஆபிரிக்காவில், கென்யாவின் மொம்பாசா நகருக்குப் போவதைப் பற்றி அவர் அடித்த இனவாதப் பகிடிக்கே தனிப்பதிவு போடலாம். ஆனால் இதற்காக இல்லை. அந்தப் பகிடியை அடிப்பவர்களில் எத்தனை பேர் இரவு வேலைக்கு நடந்து போனவர்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

எங்கள் தெருவுக்கு ஆமி வரவேயில்லை. இரண்டு நாள் ஜன்னலடியில் காத்திருந்ததுதான் மிச்சம். அம்மம்மாவின் பை மட்டும் மாசி வரைக்கும் கதவடியிலேயே கிடந்தது. ஒருநாள் ஈரச் சப்பாத்தைக் கழற்றி அதற்கு மேலே போட்டதற்கு அவவிடம் நல்ல அடி வாங்கினேன்.