ஊசி போடும்போது பிள்ளை தாய் மடியிலேயே இருக்கட்டும்

தங்கச்சி மகனுக்கு நேற்று ஒன்றரை மாத ஊசி. புதன்கிழமை, பாம்பனில் நல்ல காற்று. தொடையில் இரண்டு, கையில் ஒன்று என்று மூன்று ஊசி. நர்சம்மா மருந்தை எடுப்பதற்கு முன்பே, "பாலைக் குடும்மா, நல்லா இழுத்துக் குடிக்க ஆரம்பிக்கட்டும்" என்றார். குடித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி போட்டார். பிள்ளை வீறிட்டான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அழுகை நீளவில்லை, திரும்ப மார்பைத் தேடிக் குடிக்க ஆரம்பித்துவிட்டான். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

நான்கு வருடம் முன்பு என் மகளுக்கு இது கிடைக்கவில்லை. பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை. ரத்தம் எடுக்க வேண்டுமென்று தூக்கிப் போனார்கள், என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். தையல் போட்ட வயிற்றோடு சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் கத்தியதைக் கேட்டு நின்றேன். இரண்டு நாளில் மூன்று முறை குதிகாலில் குத்திப் பிதுக்கி எடுத்தார்கள். "பச்சப்புள்ளைக்கு என்ன தெரியும், உடனே மறந்துரும்" என்றார் அங்கே ஒருவர்.

மறப்பதில்லை என்பதுதான் விஷயம். பிறந்த ஓரிரு நாளில் பல முறை குதிகாலில் குத்தப்பட்ட குழந்தைகள், அடுத்த ஊசிக்காகத் தோலைத் துடைக்கும்போதே முகம் சுளித்தன என்று கனடாவில் நடந்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளிவந்தது. குத்தவே இல்லை, துடைத்ததற்கே! என் மகள் பல வாரம் யார் காலைத் தொட்டாலும் இழுத்துக்கொள்வாள். காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஆய்வைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1980-கள் வரை பச்சிளங்குழந்தைகளுக்குச் சரியான வலி மருந்து இல்லாமலே அறுவை சிகிச்சைகூட நடந்திருக்கிறது. அது குழந்தையின் உடம்பை எவ்வளவு பாதிக்கிறது என்று 1987-ல் ஆய்வு செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் கன்வல்ஜீத் ஆனந்த், இந்தியாவில் பிறந்த மருத்துவர். தடுப்பூசியின்போது தாய்ப்பால் கொடுக்கலாம், பிள்ளையைப் பெற்றவர்களே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2015-ல் சொல்லிவிட்டது. குதிகாலில் ரத்தம் எடுக்கும்போதும் தாய்ப்பால் வலியைக் குறைக்கிறது. செலவு ஒன்றுமில்லை. தாயை உள்ளே விட வேண்டும், அவ்வளவுதான்.

சர்க்கரைக் கரைசலும் உதவும். ஆஸ்பத்திரிகளில் ஊசிக்கு இரண்டு நிமிடம் முன்பு அளவாகச் சில சொட்டு நாக்கில் விடுவார்கள். அதற்காக நம் பக்கத்துப் பெரியவர்கள் வீட்டில் சேனை வைக்க, அதாவது பச்சப்புள்ளை நாக்கில் சர்க்கரைத் தண்ணியோ தேனோ தொட்டு வைக்க, கிளம்பிவிட வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது.

தாய்மார்களே, "சிஸ்டர், பால் குடிச்சுக்கிட்டே இருக்கட்டும்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மறைப்புக்கு ஒரு துண்டு போதும். பால் கொடுக்க முடியாத நிலை என்றால் சட்டையைக் கழற்றி வெறும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். அதை அப்பாவும் செய்யலாம். தங்கச்சி பிள்ளைக்கு அடுத்த ஊசி பத்தாவது வாரம். மாப்பிள்ளை அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் இருந்தால் அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.