சபையில் காணி முழக்கம், ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர்

காணிப் பிரச்சினை நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது என்றால் போதும், எங்கள் உள்ளூராட்சி சபையின் மாதாந்த அமர்வுக்கு ஓர் உறுப்பினர்கூட வராமல் இருப்பதில்லை. வீதி விளக்கு, குப்பை வண்டி, சந்தைக் கடை வாடகை ஆகியவை பேசப்படும்போது பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் அதே மண்டபத்தில், காணி என்றதும் ஒலிவாங்கிக்கு அடிபிடி நடக்கிறது. முகநூல் நேரலைக்காக ஆதரவாளர் ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். உறுப்பினர் தொண்டையைச் செருமிக்கொள்வார். பிறகு மயிலத்தமடு, கல்முனை, தொல்பொருள், மகாவலி என்று மாகாணம் முழுவதையும் சுற்றி வருவார். தம்முடைய சொந்த வட்டாரத்தில், தம்முடைய சபை பராமரிக்க வேண்டிய வடிகானை ஒருவர் கிறவல் கொட்டி மூடி மதில் எழுப்பியிருப்பது பற்றி மட்டும் அவர் வாய் திறக்கமாட்டார்.

என் ஆத்திரம் அந்த வடிகானைப் பற்றியது. சபையின் பெயரையோ ஆட்களின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. மட்டக்களப்பு வாவிக் கரையோரம் குடியிருப்பவர்களில் பலர் இதை வாசித்துவிட்டு, இது தங்கள் ஒழுங்கையின் கதை என்றே நினைக்கக்கூடும். அந்த அளவுக்கு இது ஊர் ஊராக நடக்கிறது. எங்கள் ஒழுங்கையிலும் அதன் பின்னால் உள்ள வளவுகளிலும் சேருகின்ற மழைநீர் முழுவதும் வாவிக்குப் போவதற்கு இருந்த ஒரே வழி அந்த வடிகான்தான். பழைய நில அளவைப் படத்தில் அது ஒதுக்கீடு என்று தெளிவாகக் கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கிறது. அதன் வாவிப் பக்க வாயில் டிப்பர்கள் இரவு நேரத்தில் கிறவலைக் கொட்டிவிட்டுப் போயின. பெக்கோ வந்து சமப்படுத்தியது. முதலில் கொங்கிரீட் தூணும் முட்கம்பியும் வந்தன, பிறகு சீமெந்துக் கல் மதில் வந்தது. மதிலின் அடியில், தண்ணீர் போவதற்கென்று கையை விட்டால் முழங்கை முட்டுகிற அளவில் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பதித்திருக்கிறார்கள். ஓர் ஒழுங்கையின் மாரி மழை முழுவதும் அந்தக் குழாய்க்குள்ளால் போய்விடும் என்று யார் கணக்குப் போட்டார்களோ! நான் குனிந்து பார்த்தபோது அதன் வாயில் ஒரு யோகட் கோப்பையும் சொப்பிங் பையும் சேற்றோடு இறுகிப்போய்க் கிடந்தன.

வடகீழ்ப் பருவமழை இந்தக் கரையில் எப்படிப் பெய்யும் என்பதை இங்கே பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நவம்பரில் தொடங்கினால் தைப்பொங்கல் வரைக்கும் எந்த இரவிலும் அது வெளுத்து வாங்கலாம். 2011 ஜனவரியில் இந்த மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. ஆனால் அது பெருவெள்ளம். நான் சொல்வது பெருவெள்ளம் இல்லாத ஆண்டுகளிலும் எங்கள் ஒழுங்கையில் நிற்கின்ற தண்ணீரைப் பற்றி. மலசலகூடக் குழி நிரம்பி, அந்தத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றாகிவிடுகின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். முன்வீட்டு மூதாட்டி ஒருவர், "மழ விட்டுட்டு, தண்ணி வத்துதில்ல மனே" என்று சொன்னது எந்தத் தொழில்நுட்ப அறிக்கையையும்விடத் துல்லியமான அறிக்கை. மழை நின்ற பிறகும் தண்ணீர் நிற்கிறது என்றால் அங்கே இயற்கையின் குற்றம் முடிந்து மனிதனின் குற்றம் தொடங்கிவிட்டது.

ஒழுங்கையிலுள்ள எல்லோரும் கையொப்பமிட்டு மனுக் கொடுத்தோம். அமர்வு நாளில் பொதுமக்களுக்கான இருக்கைகளில் போய் உட்கார்ந்தோம். எங்கள் விடயம் நிகழ்ச்சிநிரலின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதற்கு முன் இருந்தது காணி பற்றிய ஒரு கண்டனப் பிரேரணை.

அந்தப் பிரேரணையில் சொல்லப்பட்டவை பொய் என்று நான் கூறமாட்டேன். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரையில் வெளியார் அத்துமீறிப் பயிர் செய்வதால் பண்ணையாளர்களின் மாடுகள் படும் பாடும், அதற்காக அவர்கள் 2023 செப்டெம்பரில் தொடர் போராட்டத்தில் இறங்கியதும் உண்மை. 1989 முதல் உப பிரதேச செயலகமாகவே வைக்கப்பட்டிருக்கும் கல்முனை வடக்கை முழுப் பிரதேச செயலகமாகத் தரமுயர்த்தக் கேட்டு 2019 ஜூனில் உண்ணாவிரதம் இருந்ததும் உண்மை. 1990இல் இடம்பெயர்ந்த பொத்துவில் கனகர் கிராம மக்கள் தங்கள் காணிக்காக 2018இலும் தெருவோரம் குந்த வேண்டி இருந்தது. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில், தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் இந்த மாகாணத்துக்கு, தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ நியமிக்கப்படாததையும் நாங்கள் மறக்கவில்லை. இவை ஒவ்வொன்றும் பேசப்பட வேண்டியவை, பேசுகிறவர்களை நான் மதிக்கவும் செய்கிறேன்.

ஆனால் இந்தச் சபைக்கு இவற்றில் என்ன அதிகாரம் இருக்கிறது? 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்கான 13ஆவது திருத்தம் காணியை மாகாண சபைப் பட்டியலில் எழுதிவிட்டு, அரச காணியைக் குடியரசின் கையிலேயே விட்டுவைத்தது. அதில் சொல்லப்பட்ட தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. அனுமதிப்பத்திரம் பிரதேச செயலகத்தில், காடு வன இலாகாவிடம், மகாவலி வலயம் மகாவலி அதிகார சபையிடம். ஓர் உள்ளூராட்சி சபை ஒரு பேர்ச் அரச காணியைக்கூட யாருக்கும் கொடுக்கவும் முடியாது, யாரிடமிருந்தும் மீட்கவும் முடியாது. அது நிறைவேற்றுகின்ற கண்டனத் தீர்மானம் கொழும்புக்கு அனுப்பப்படும் ஒரு கடிதம், அவ்வளவுதான். கடிதம் எழுதட்டும், நல்லது. அதை எழுதுவதற்கு அமர்வின் முழு நேரமும் எதற்கு?

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்று நம் முன்னோர் சொன்னது இவர்களைப் பார்த்துத்தான். கூரை இங்கே எது என்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது. சபையின் வீதிகள், ஒழுங்கைகள், வடிகான்கள் எல்லாம் சபையின் பொறுப்பு. கட்டட விண்ணப்பத்தை ஏற்பதும் மறுப்பதும் சபையின் கையில். நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில், 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் கையளிக்கப்பட்ட அதிகாரமும் இருக்கிறது. அனுமதி பெறாமல் கட்டியவருக்கு அறிவித்தல் கொடுக்கலாம். அவர் கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் இடிப்பதற்கான கட்டளை பெறலாம். இதற்கு ஜனாதிபதியும் வேண்டாம், அமைச்சரவையும் வேண்டாம், அரசியல் தீர்வும் வேண்டாம். ஒரு கோப்பு, ஒரு கையொப்பம், ஒரு சட்டத்தரணி போதும்.

எங்கள் விடயம் எடுக்கப்பட்டபோது நேரலைக்காரர் கைத்தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் அவருக்குப் பின்னாலேயே தேநீருக்குப் போனார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அறிக்கை வாசிக்கப்பட்டது: எல்லை தெளிவில்லை, நில அளவைத் திணைக்களத்தின் உதவி கோரப்பட வேண்டும். எல்லையைக் காட்டும் படத்தின் பிரதியை நாங்கள் மனுவோடு இணைத்திருந்தோம். அது கோப்பில் இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை, பார்வையாளர்களாகிய எங்களுக்கோ பேச அனுமதி இல்லை. பிரதேச செயலகத்துக்கு எழுதியிருக்கிறோம் என்றார் ஒருவர். பிரதேச செயலகத்தில் நாங்கள் ஏற்கனவே விசாரித்திருந்தோம். வடிகான் சபைக்குரியது, சபையிடம் போங்கள் என்பதே அங்கே கிடைத்த பதில்.

பிறகு ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து, முகத்துவாரத்தை நேரத்தோடு வெட்டினால் இந்தப் பிரச்சினையே வராது, அதற்கு மாவட்டச் செயலகத்தை வலியுறுத்த வேண்டும் என்றார். மேசையில் தட்டி ஆமோதித்தார்கள். முகத்துவாரம் வெட்டுவது வாவியின் தண்ணீரைக் கடலுக்கு அனுப்புவதற்கு. எங்கள் தண்ணீர் வாவிக்கே போய்ச் சேரவில்லை, கௌரவ உறுப்பினரே! வாவியின் மட்டம் எங்கள் ஒழுங்கையைவிடத் தாழ்ந்து கிடக்கின்ற நாளிலும் எங்கள் வளவில் தண்ணீர் நிற்கிறது. இடையில் இருப்பது ஒரு மதில். முகத்துவாரத்தை வெட்டுவதா விடுவதா என்று வயல்காரரும் மீன்பிடிக்காரரும் ஒவ்வொரு மாரியிலும் வாதாடுகிறார்கள். அந்தப் பெரிய வழக்குக்குள் எங்கள் சின்ன மதிலை இவர் எவ்வளவு இலகுவாக ஒளித்துவைத்துவிட்டார் பாருங்கள். கடைசியில் விடயம் ஓர் உபகுழுவுக்குப் பாரப்படுத்தப்பட்டது. அந்த உபகுழுவில் யார் யார், எப்போது கூடும், எந்த நாளுக்குள் அறிக்கை தரும் என்று ஒன்றும் சொல்லப்படவில்லை. எல்லாம் ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.

இப்போது பதவியில் இருப்பவர்களிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: "இது எங்கட காலத்தில நடக்கல்ல." முந்தைய சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் சபைகளை நடத்தினார்கள் என்பது சரி. மதிலின் அத்திவாரம் அந்த இடைவெளியில்தான் போடப்பட்டது என்பதும் சரி. ஆனால் மதில் இன்றும் அங்கேதான் நிற்கிறது. கேட்பாரில்லாத காலத்தில் எழுந்த மதிலைக் கேட்பதற்காகத்தானே கேட்பாரைத் தெரிவு செய்து அனுப்பினோம்?

உண்மையான காரணம் வேறு. சபையில் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள், தேநீர்க்கடையில் எல்லோரும் சொல்வார்கள்: "அவர் நம்மட ஆள்." காணியைப் பிடிப்பவர் மற்றச் சமூகத்தவராக இருந்தால் அது ஆக்கிரமிப்பு, இருப்பைக் கேள்விக்குள்ளாக்கும் சதி, வரலாற்றுத் துரோகம். பிடிப்பவர் நமது சமூகத்தவர், தேர்தலுக்கு வாகனம் தந்தவர், கோயில் திருவிழாவுக்கு அன்னதானம் கொடுப்பவர் என்றால் அது ஒரு சின்ன எல்லைத் தகராறு, பேசித் தீர்க்கலாம். இந்த நோய் தமிழர் பெரும்பான்மையான சபைகளுக்கு மட்டும் உரியது என்று நான் நினைக்கவில்லை. பக்கத்து ஊரில் மழைநீர் ஓடும் தோணாவை மண் போட்டு நிரப்புகிறவர்களைப் பற்றி அந்த ஊரின் முஸ்லிம் நண்பர் ஒருவர் என்னிடம் பொருமியது, பெயர்களை மாற்றிவிட்டால் எங்கள் கதையேதான். அங்கேயும் அவர் "நம்மட ஆள்" தான். இரண்டு ஊரின் தண்ணீரும் ஒரே வாவிக்குப் போக வேண்டியது என்பதால், இந்த இரண்டு "நம்மட ஆள்"களும் சேர்ந்து இரண்டு ஊரையும் மூழ்கடிக்கிறார்கள்.

அதே சபையின் வேகத்தையும் நான் பார்த்திருக்கிறேன். சந்தை வீதியோரம் சாக்கு விரித்து மரக்கறி விற்கிற பெண்களை அகற்றுவதற்கு எந்த உபகுழுவும் தேவைப்படவில்லை. அங்கே எல்லை தெளிவாக இருந்தது. நில அளவையாளர் வர வேண்டியிருக்கவில்லை. காலையில் அறிவித்தல், மாலையில் சபையின் உழவு இயந்திரமும் பொலிசாரும். தராசையும் கூடையையும் பறிகொடுத்துவிட்டு நின்ற ஒரு பெண்ணுக்கு இருந்த உரிமை ஒரு சாக்கின் அகலம். வடிகானை மூடியவர் பிடித்திருப்பது அதைப்போல எத்தனை மடங்கு என்பதை மதில் ஓரமாக நடந்து பார்த்தால் தெரியும்.

இனி நாங்கள் அமர்வில் உட்கார்ந்து பெருமூச்சு விடப்போவதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். கேட்டிருப்பது நீண்ட பட்டியல் அல்ல. அந்த மதிலுக்குக் கட்டட அனுமதி வழங்கப்பட்டதா, வழங்கப்பட்டிருந்தால் எந்தப் படத்தின் அடிப்படையில், கையொப்பமிட்டவர் யார்? அனுமதி இல்லையென்றால், இதுவரை ஏன் ஒரு அறிவித்தல்கூட ஒட்டப்படவில்லை? உபகுழுவின் உறுப்பினர்கள் யார், அது எப்போது கூடியது?

இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்றையும் கேட்டிருக்கிறோம். நிரப்பிய அந்த நிலத்துக்குச் சோலை வரி (ஆதன வரி) இலக்கம் ஏதும் கொடுக்கப்பட்டிருக்கிறதா? இந்த ஊரில் காணி பிடிக்கிறவர்களுக்குத் தெரிந்த வித்தை அதுதான்: முதலில் மண், பிறகு மதில், பிறகு சபையில் ஒரு வரி இலக்கம், அந்த இலக்கத்தைக் காட்டி மின்சாரம், பற்றுச்சீட்டுகளை அடுக்கிக் கட்டியபின் ஒரு காணி உறுதி. வரியை வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டுக் கொடுப்பது சபைதான் என்றால், வடிகானை விற்றது மதில் கட்டியவர் மட்டுமல்ல. பதில் வரட்டும். இலக்கம் கொடுக்கப்பட்டிருந்தால், கொடுத்தவருடைய பதவியோடும் திகதியோடும் அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து, மாரி தொடங்குவதற்கு முன் ஒழுங்கையின் ஒவ்வொரு படலையிலும் ஒட்டுவோம். அடுத்த அமர்வில் மயிலத்தமடு பற்றி முழங்கப்போகிற உறுப்பினரின் வீட்டுப் படலையிலும் ஒன்று இருக்கும்.